ஆட்டிசம் என்ற பெயர் தெரியும்வரை எங்கள் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள்

தமிழ்நாட்டு மாவட்டங்களில் சிறு குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மருத்துவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, அங்கன்வாடிகளை நடத்தும் சமூக நலத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்குப் பதினைந்து மாதம் நடந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினேன். என் அம்மா எனக்குச் செய்தது. அவருக்கு அவர் அம்மா செய்தது. நான் கை நீட்டிய பக்கம் அவன் திரும்பவில்லை. என் விரலையும் பார்க்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்காவைக் காட்டினேன். அதற்கும் அப்படித்தான். உள்ளங்கையில் நண்டு ஓட்டி விளையாடினால் கூச்சத்துக்குச் சிரித்தான். ஆனால் இன்னொரு தடவை செய் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சோதனையில் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 'எம்-சாட்-ஆர்' கேள்வித்தாளை அதற்கு வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். 20 கேள்விகள். அதில் முதல் கேள்வியே, அறையின் அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றை நீங்கள் சுட்டிக் காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். பதினைந்தாம் மாதத்தில் மொட்டைமாடியில் எனக்குக் கிடைத்த பதிலை, மூன்று வயது தாண்டிய பிறகுதான் ஒரு மருத்துவமனையில் என்னிடம் கேட்டார்கள்.

நடுவில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பதினெட்டாம் மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில் சொன்னேன். "ஆம்பளப் பிள்ளைம்மா, கொஞ்சம் லேட்டாத்தான் பேசும். மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்றார்கள். வீட்டில் மாமியாரும் அதையே சொன்னார், "உன் வீட்டுக்காரனே நாலு வயசுலதான் பேசினான்" என்று. இரண்டு வயது இரண்டு மாதத்தில் அங்கன்வாடி டீச்சர்தான் முதன்முதலாக என்னைத் தனியே கூப்பிட்டு, "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான், காதைக் காட்டுங்க" என்றார். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்கக் குழந்தை தூங்க வேண்டும். இரவு முழுக்க அவனை விழிக்க வைத்து, விடிகாலை பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். தூக்க மருந்து கொடுத்தும் அந்த வெளிச்சத்திலும் சத்தத்திலும் அவன் தூங்கவில்லை. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தபோது அவனுக்கு இரண்டு வயது ஏழு மாதம். ஆட்டிசத்துக்கான மதிப்பீடு நடந்தது மூன்று வயது ஒரு மாதத்தில். பேச்சுப் பயிற்சியும், அன்றாடக் காரியங்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்கியது மூன்றரை வயதில்.

எனக்கு உறுத்திய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 27 மாதம். அந்த 27 மாதத்தில் எங்களைப் பார்த்த எவரும் கெட்டவர்கள் அல்ல. ஒருவரும் வேண்டுமென்று தள்ளிப்போடவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் அனுப்பினார்கள். அடுத்தவர் தேதி கொடுத்தார். தேதி வரும்வரை வீட்டில் என்ன செய்யலாம் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. இந்த மடலை எழுதக் காரணம் அதுதான்.

ஆட்டிசம் தீர்க்க வேண்டிய வியாதி அல்ல என்பது எனக்குத் தெரியும். இரண்டு வயதிலேயே பயிற்சி தொடங்கியிருந்தால் என் மகன் வேறொரு பிள்ளையாக ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவன் அவனாக இருப்பதில் எனக்குக் குறையும் இல்லை. என் மனதை அறுப்பது வேறு. தண்ணீர் வேண்டும் என்பதைச் சொல்ல வழி தெரியாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுத பிள்ளை அவன். ஒரு டம்ளர் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும் என்று பழக்க எங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆனது. அந்த இரண்டு வாரப் பழக்கம் அவனுக்கு ஒன்றரை வருஷம் முன்னமே கிடைத்திருக்கலாம். அதற்கு ஆட்டிசம் என்ற பெயர் தேவைப்படவில்லை. சான்றிதழ் தேவைப்படவில்லை. சொல்லித்தர ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

நம்மிடம் திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது கண்ணில் நீர் வருகிறது, அவ்வளவு நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பதில் பெரும்பகுதி புதிய கட்டடமோ புதிய சட்டமோ அல்ல. எழுதி வைத்ததற்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்கச் சொல்கிறேன்.

நடமாடும் குழு ஒரு காலையில் அங்கன்வாடிக்கு வந்தால் எடை, உயரம், பல், கண், இதயம், தோல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஆட்டிசம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்காது. கத்தி அழும் பிள்ளை கண்ணில் படும். மூலையில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை படாது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தையை ஆறு வயது வரை "தங்கமான பொண்ணு, வெச்ச இடத்துல இருக்கும்" என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. என் மகனை வைத்து இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகும் எனக்கு அது தெரியவில்லை.

அதனால் முதல் கேள்வியைக் கேட்கும் பொறுப்பை, குழந்தையை மாதா மாதம் பார்ப்பவர்களிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது படிக்காத பாட்டிக்கும் தெரியும். பதினாறாம் மாதத்துக்கும் இருபத்து நான்காம் மாதத்துக்கும் நடுவில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். எம்-சாட்-ஆர் கேள்விகள் பதினாறு முதல் முப்பது மாதக் குழந்தைகளுக்கானவை. இரண்டு கணக்கும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி வருவதை நீங்களே பாருங்கள். அந்த வயதில் ஊசி போடாமல் விட்ட குழந்தையைத் தேடி கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவ்வளவு நம்பகமான ஏற்பாடு நம்மிடம் வேறு எதிலும் இல்லை. அந்த ஒரு நாளில், ஊசிக்கு முன்னால் பத்து நிமிஷம், 20 கேள்வி.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பதினெட்டாம் மாதத்திலும் இருபத்து நான்காம் மாதத்திலும் எல்லாக் குழந்தைகளின் பெற்றோரிடமும் ஆட்டிசத்துக்கான முதல்கட்டக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் என்றில்லை, எல்லாரிடமும். இந்த 'எல்லாரிடமும்' என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். ஏனென்றால் சந்தேகத்தைச் சொல்லும் தாயை நம் ஊரில் முதலில் கேட்பது, "நீ என்னத்தக் கவனிச்ச? போனைக் கையில குடுத்துட்டியா?" என்றுதான். எல்லாரிடமும் கேட்கும் கேள்வி என்றால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

ஊசி நாளில் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசினால் ஊசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஜனங்கள் முடிச்சுப் போட்டுவிடுவார்களே என்று ஒரு மருத்துவர் என்னிடம் கவலைப்பட்டார். நியாயமான கவலை. 1998-இல் லண்டனிலிருந்து வந்த ஒரு கட்டுரை கிளப்பிய பயம் அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயத்துக்கு நான் சொல்லும் வழி எளிது: கேள்விகளை ஊசிக்கு முன்னால் கேளுங்கள், பதிலைத் தாய் சேய் அட்டையில் அங்கேயே எழுதுங்கள். குழந்தை கை நீட்டிச் சுட்டாதது ஊசிக்கு முன்பே அட்டையில் இருக்கும். செவிலியரே தாயிடம் எடுத்துச் சொல்ல அதுவே ஆதாரம்.

இந்தக் கேள்வித்தாளை நிரப்பிவிட்டால் மதிப்பீடு முடிந்துவிட்டது என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது. பதில்களில் மூன்று முதல் ஏழு வரை கவலைக்குரியவை என்றால், ஒவ்வொன்றையும் விளக்கிக் கேட்கும் இரண்டாம் சுற்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எல்லாரையும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினால் அங்கே வரிசை இரட்டிப்பாகும். தேவையில்லாமல் பயந்த பெற்றோர் கூட்டமும் சேரும். எட்டும் அதற்கு மேலும் என்றால் காத்திருக்காமல் நேரே அனுப்ப வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைக் கேட்கச் செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் நல்ல பயிற்சி வேண்டும், அதற்கான நேரமும் வேண்டும். அவர்கள் தலையில் ஏற்கெனவே எத்தனை பதிவேடு, எத்தனை செயலி என்று எனக்குத் தெரியும். ஒன்றைக் கூட்டினால் ஒன்றைக் குறைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் 20 கட்டத்திலும் 'இயல்பு' என்று டிக் விழும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி, அனுப்பிய பிறகு நடப்பது.

என் மகனை மதிப்பிட்ட நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினோம். உள்ளே கூப்பிட்டபோது மதியம் பன்னிரண்டரை. மின்விசிறிச் சத்தம், இருமல், மற்ற குழந்தைகளின் அழுகை, மருந்து வாடை. இவற்றில் ஒவ்வொன்றுமே அவனுக்குத் தனித்தனியாகத் தாங்காது. ஐந்தரை மணி நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனவன் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான். அவனுடைய திறமை என்று அவர்கள் எழுதிக்கொண்டது அந்த மேஜைக்கு அடியில் பார்த்ததைத்தான். ஆட்டிசத்தை அளக்கும் ஐசா என்னும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. நிதானமாகப் பேசிப் பார்த்துப் போட வேண்டிய மதிப்பெண் அது. எங்களுக்குக் கால் மணி நேரத்தில் முடிந்தது. கூட்டிப் பார்த்துவிட்டுச் சதவீதத்தைச் சொன்னார்கள். "சான்றிதழ் வாங்கிக்கலாம்" என்றார்கள். நாளைக்குக் காலையில் நான் இவனோடு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "தெரபிக்கு எழுதியிருக்கு" என்ற பதிலோடு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சான்றிதழுக்கான மதிப்பீடும், உதவிக்கான மதிப்பீடும் ஒன்றல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்ததும், 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகை உண்டு என்பதும் எங்களுக்குப் பெரிய பலம். ஆனால் சதவீதம் அரசுக்குத் தேவையான எண். பிள்ளைக்குத் தேவையானது, அவனுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தம் தாங்காது, எதையாவது கேட்க வேண்டும் என்றால் எப்படிக் கேட்கிறான், அடுத்த மூன்று மாதத்தில் வீட்டில் எதைப் பழக்குவது என்று எழுதிய ஒரு பக்கம். தமிழில் ஒரு பக்கம். எங்களுக்குக் கிடைத்த அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல அடுத்த தெரு கல்லூரிப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் மகனைப் பற்றி என்னிடமே சொல்லாமல் எழுதியிருந்ததை, அந்தக் கல்லூரிப் பையன் படித்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

அதோடு, அந்த ஐசா மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சரிபார்க்கப்பட்ட கருவி. அப்படியானால் இரண்டு வயதுப் பிள்ளையை அதில் நிறுத்தி "இன்னும் வயசாகட்டும்" என்று திருப்பி அனுப்புவது தவறு. சான்றிதழுக்கு வயது ஆக வேண்டுமானால் ஆகட்டும். பயிற்சிக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? வளர்ச்சித் தாமதம் என்ற சந்தேகம் எழுந்த அன்றே பயிற்சி தொடங்கும், பெயர் பின்னால் வரும் என்று ஓர் அரசாணையில் எழுதுங்கள். இந்த மடலில் ஒன்றே ஒன்றுதான் நிறைவேறும் என்றால் நான் கேட்பது இதைத்தான்.

பயிற்சி தர ஆள் எங்கே என்று கேட்பீர்கள். இந்தத் துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற உளவியலாளர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் போதாது, இருப்பவர்களும் சென்னையிலும் கோவையிலும்தான் அதிகம் என்பது உண்மை. அவர்கள் பெருகும்வரை என்ன செய்வது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு ஓர் ஆய்வு நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். நிபுணர்கள் அல்லாத சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் பிள்ளை நம்மைப் பார்த்தது, எந்த இடத்தில் நாம் அவசரப்பட்டோம் என்று பேசுவது. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகுவது கூடியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. நம்மிடம் 54,000-க்கு மேல் அங்கன்வாடி இருக்கின்றன. வட்டாரத்துக்கு இரண்டு பேரைப் பயிற்றுவித்தால் போதும், தேதிக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் கையில் உடனே ஏதாவது கொடுக்க முடியும்.

கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள். என்னோடு தெரபி மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், காத்திருந்த மாதங்களில் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நகையை விற்றுப் பல லட்சம் கட்டியவர். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. உதவிக்கு மூன்று மாதம் கழித்துத் தேதி தந்தார்கள். சிகிச்சை விற்றவர்கள் அன்றைக்கே போனை எடுத்தார்கள்.

மதிப்பீட்டு நாளைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும், இவற்றுக்குப் பணம் அதிகம் ஆகாது. குழந்தைக்கு நேரம் குறித்துக் கொடுங்கள், டோக்கன் வேண்டாம். நாங்கள் போனில் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். வீட்டில், தெருவில், தாத்தாவோடு அவன் எப்படி இருக்கிறான் என்பது அந்த மேஜைக்கு அடியில் தெரியாது. அங்கன்வாடி டீச்சரிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசுங்கள். பெரா டெஸ்ட்டுக்கு இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை ஒதுக்குங்கள். தூங்காமல் திரும்பிய குழந்தைக்கு அதே வாரத்தில் மறு தேதி கொடுங்கள். தென்கோடி மாவட்டங்களிலிருந்து சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ராத்திரி பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இ-சஞ்சீவனி என்னும் அரசின் இணையவழி மருத்துவச் சேவையில் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்க முடிகிற மாநிலத்தில், மாவட்ட மையத்தில் இருக்கும் பயிற்சியாளரோடு அந்த நிபுணர்கள் திரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பற்றிப் பேச முடியாதா?

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. நம் அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. சான்றிதழ் வாங்கப் போன அன்று ஒரு படிவத்தில் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தேன். என் மகனுக்கு இப்போது ஏழு வயது. எங்கள் தெருமுனையில் டவுன் பஸ் திரும்பும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஹாரனை வைத்தே எந்த நம்பர் பஸ் என்று சொல்வான். மழை வருவதற்கு முன் மண் வாசனை என் மூக்குக்கு எட்டும் முன்னால் அவனுக்கு எட்டிவிடும்; ஜன்னலுக்கு ஓடுவான். பக்கத்து வீட்டில் தாளிக்கும் சத்தம் அவனுக்கு நம் காதருகே தாளிப்பதுபோல் கேட்கிறது. புற உலகம் அவனிடம் இல்லாமல் இல்லை; அவன் தாங்குவதற்கு மேல் இருக்கிறது. அதைத் தணித்துக் கொடுங்கள் என்றுதான் அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, என் பிள்ளையைப் பற்றி ஒரு பொய்க்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. ஆட்டிசம் என்றே எழுதுங்கள். எல்லாருக்கும் புரிகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அனுமதித்தால் புதன்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறோம். ஊசி போடவும் மதிப்பிடவும் எங்களுக்குத் தகுதி இல்லை. ஊசிக்குக் காத்திருக்கும் தாய்மாரோடு உட்கார்ந்து, பிள்ளைக்கு நிலாவைக் காட்டினால் பார்க்கிறதா என்று பேச எங்களால் முடியும். பதிலைச் செவிலியரிடம் சொல்கிறோம். அவர் அதை எழுதிக்கொள்ள அட்டையில் ஓர் இடமும், எழுதிய பிறகு அனுப்ப ஓர் இடமும் மட்டும் ஏற்படுத்திக் கொடுங்கள். எங்கள் பதினொரு பேரில் யார் எந்தப் புதன்கிழமை வருவது என்று அடுத்த மூன்று மாதத்துக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏழு வயது மகனின் தாய்